காத்திருப்புப் பத்தி

பிப்ரவரி 4

அன்புள்ள இரண்டாம் பாகத்துக்கு,

நான் நலம். நீயும் நலமென்று மகள் ஃபோனில் சொல்லும் அரைகுறைச் செய்தியை வைத்து நம்பிக்கொண்டிருக்கிறேன். மாணவர்கள் நமக்கு வைத்த பட்டப்பெயரில் கூப்பிட்டால் முகம் சுளிப்பாய், தெரியும். ஆனால் நீ அந்த ஊர்க் கல்லூரிக்குப் போன பிறகு உன்னை எப்படி விளிப்பது என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை. பட்டப்பெயர் என்றால் யாருக்கும் ஆட்சேபணை இருக்காது.

பதிப்பாளர் வந்திருந்தார். பெரியவர் அல்ல, அவருடைய மகன். அப்பாவைப் போலவே நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு அப்பாவைப் போலவே அவசரப்படுத்தினார். சட்டத்தைத் திருத்திவிட்டார்கள், நம் ‘மணமும் மணமுறிவும்’ புத்தகம் பழசாகிவிட்டது, கல்லூரிகள் திறப்பதற்குள் புதிய பதிப்பு வேண்டும் என்றார். பிறகு மெதுவாக, "சார், முதல் பாகத்தைக் கொஞ்சம் குறைச்சுக்கலாமா? வக்கீலுங்க எல்லாம் நேரா ரெண்டாம் பாகத்துக்குத்தான் போறாங்க" என்றார். என் முகத்தைப் பார்த்ததும் "சும்மா கேட்டேன் சார்" என்று தேநீருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். மணமுறிவு எதற்காக என்று நான் பக்கம் பக்கமாக எழுதியதை நூலகங்கள் வாங்குகின்றன. எப்படி என்று நீ எழுதியதைத்தான் ஊரே வாங்குகிறது. எனக்குப் பொறாமை உண்டு, ஆனால் பழகிவிட்டது.

இன்னொரு செய்தி, சிரிப்பாய். நம் மாதிரி மனு மறுபடியும் வேலையைக் காட்டிவிட்டது. நம் பழைய மாணவி ஒருத்தி குடும்ப நீதிமன்ற நீதிபதியாக இருக்கிறாளே, அவள் சொன்னாள். யாரோ ஒரு வக்கீல் குமாஸ்தா, சம்மத மணமுறிவு மனுவை நம் புத்தகத்திலிருந்து அப்படியே எடுத்துத் தட்டச்சு செய்து, பெயர்களை மட்டும் மாற்றித் தாக்கல் செய்துவிட்டாராம். திருமணத் தேதி நம்முடையது. வீட்டு முகவரி நம்முடையது. "மேடம் கல்யாணத் தேதி எனக்கு மனப்பாடம் சார், உடனே பிடிச்சுட்டேன்" என்கிறாள். பிடிக்காத நீதிபதிகள் நம்மை எத்தனை முறை பிரித்து வைத்திருப்பார்களோ!

முதல் பதிப்பின்போது மாதிரிக்கு ஒரு தேதியும் முகவரியும் வேண்டும் என்று நீ யோசித்துக்கொண்டிருந்தாய். "நம்மளோடதையே போடு, நமக்குத்தான் இது எந்தக் காலத்துலயும் தேவைப்படாதே" என்றேன். கல்யாணமான முதல் வருடத்துப் பேச்சு.

நம் பழைய விதியைப் பதிப்பாளரிடம் நினைவூட்டினேன். பக்கத்தின் ஓரத்தில் நம் இருவரின் சுருக்கொப்பமும் இல்லாமல் ஒரு வரி உள்ளே வராது, உள்ளே வந்த வரி வெளியேயும் போகாது. அதனால் நீ இங்கே வந்து உட்கார்ந்தால்தான் வேலை ஓடும். சாப்பாட்டு மேசையைக் காலி செய்து வைத்திருக்கிறேன். மாடியில் ஒழுகி, தீர்ப்புத் தொகுதிகள் கொஞ்சம் நனைந்துவிட்டன. உன் அலமாரிக்கு ஒன்றும் ஆகவில்லை.

எப்போதும் போல,
முதல் பாகம்


பிப்ரவரி 15

மதிப்பிற்குரிய பேராசிரியருக்கு,

கடிதம் கிடைத்தது. மனு விஷயம் படித்து எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் குமாஸ்தாவின் கட்சிக்காரர்களுக்கு ஒரு வாய்தா வீணாகியிருக்கும்.

புதிய பதிப்புக்கு நான் தயார். ஆனால் தபாலில்தான். என் அறை நீதிமன்றத்துக்கு எதிரே, நகலெடுக்கும் கடைக்கு மேலே இருக்கிறது. பகல் முழுக்க இயந்திரம் உறுமிக்கொண்டே இருக்கும். அதிலேயே எழுதப் பழகிவிட்டேன். சாப்பாட்டு மேசை வேண்டாம்.

ஒரு நிபந்தனை உண்டு. முதல் பாகத்தில் சம்மத மனு போட்டவர்களைச் சட்டம் ஆறு மாதம் நிறுத்தி வைக்கும் காத்திருப்புக் காலம் பற்றி நீங்கள் எழுதிய அந்தப் பத்தியை எடுத்துவிட வேண்டும். சட்டக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் எல்லோரும் ஒப்பிப்பார்களே, அதுதான்: ‘மணக்கும் முடிவை எடுக்க இருவருக்கும் எத்தனை மாலைப் பொழுதுகள் வாய்த்தனவோ, பிரியும் முடிவுக்கும் அத்தனையாவது வாய்க்கட்டும். காத்திருக்கச் சொல்லும் சட்டம் யாரையும் தண்டிப்பதில்லை. அவர்கள் மனம் மாற ஒரு நாற்காலியைப் போட்டு வைக்கிறது.’

ஏன் என்று சொல்கிறேன். எங்கள் கல்லூரியின் இலவச சட்ட உதவி மையத்துக்குச் சென்ற ஆண்டு ஒரு தையல்காரப் பெண் வந்தாள். பிரிய இருவருக்கும் சம்மதம். ஆனால் மனு போட்ட பிறகும் கணவன் அவள் வேலை செய்யும் கடைக்கு எதிரே வந்து நிற்பதை விடவில்லை. அதனால் காத்திருப்புக் காலத்தைத் தள்ளுபடி செய்யும்படி நானே எழுந்து கேட்டேன். நீதிபதி சிரித்த முகத்தோடு ஒரு புத்தகத்தைத் திறந்தார். அந்தப் பத்தியை நிறுத்தி நிதானமாகப் படித்தார். "அம்மா, அட்டையில உங்க பேர்தானே இருக்கு? நீங்களே இப்படிச் சொல்லிட்டு இங்க வந்து வேற மாதிரி கேட்டா எப்படி?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள். என் கோரிக்கையை ஏற்கவில்லை. காத்திருக்கச் சொல்லிவிட்டார்.

அந்தப் பத்தியின் ஓரத்தில் என் சுருக்கொப்பமும் இருக்கிறது. அது தெரிந்துதான் கேட்கிறேன். உங்கள் ஒப்பம் இல்லாமல் என்னால் எடுக்க முடியாது, விதி அப்படி.

இப்படிக்கு,
இரண்டாம் பாகத்தின் ஆசிரியர்


பிப்ரவரி 24

அன்புள்ள இரண்டாம் பாகத்துக்கு,

‘மதிப்பிற்குரிய’ என்று தொடங்கினால் உனக்குக் கோபம் என்று அர்த்தம். கல்லூரி முதல்வருக்கு நீ எழுதிய சண்டைக் கடிதங்களை எல்லாம் படித்துப் பார்த்தவன் நான்.

அந்தப் பெண்ணுக்கு நேர்ந்தது எனக்கும் வருத்தம்தான். ஆனால் கத்தியால் ஒருவன் விரலை வெட்டிக்கொண்டால் கத்தி செய்தவனையா பிடிப்பது? அந்தப் பத்தி ஒரு கொள்கையைச் சொல்கிறது. விதிவிலக்கைச் சொல்வது உன் பாகத்தின் வேலை. நீதிபதி பாதிப் புத்தகத்தைத்தான் படித்திருக்கிறார். வேண்டுமானால் கீழே ஓர் அடிக்குறிப்பு சேர்ப்போம். நீயே எழுது, கண்ணை மூடிக்கொண்டு ஒப்பமிடுகிறேன்.

பத்தியை எடுக்க மட்டும் சொல்லாதே. என் பாகத்தில் யாராவது விரும்பிப் படிப்பது அது ஒன்றுதான். அதை எழுதிய நாளும் எனக்கு நினைவிருக்கிறது. மின்சாரம் போயிருந்தது. நான் சொல்லச் சொல்ல நீ எழுதினாய். ‘நாற்காலி’ என்ற சொல் உன்னுடையது, நான் ‘வாசல்’ என்று சொல்லியிருந்தேன். வாசல் என்றால் நின்றுகொண்டே இருக்க வேண்டும், உட்கார இடம் கொடுங்கள் என்றாய்.

மூட்டு வலி குறைந்திருக்கிறது. உன் படிக்கும் கண்ணாடி ஒன்று பழைய பதிப்பின் நடுவிலிருந்து விழுந்தது. துடைத்து வைத்திருக்கிறேன். அவசரமில்லை, வரும்போது எடுத்துக்கொள்.

எப்போதும் போல,
முதல் பாகம்


மார்ச் 19

மதிப்பிற்குரிய பேராசிரியருக்கு,

அடிக்குறிப்பை எந்த நீதிபதியும் படிப்பதில்லை. இது எனக்குத் தெரிந்த அளவு உங்களுக்கும் தெரியும்.

தையல்காரப் பெண்ணின் கதை முடிந்துவிட்டது, கேளுங்கள். காத்திருக்கும் காலம் முழுக்க அவன் தினமும் கடை எதிரே வந்து நின்றான். கடைக்காரர் பொறுத்துப் பார்த்து, "நீ வேற இடம் பாத்துக்கம்மா" என்று சொல்லிவிட்டார். கடைசி நாளன்று நீதிமன்றத்தில் அவன் எழுந்து நின்று தன் சம்மதத்தை வாபஸ் வாங்கிக்கொண்டான். அதற்குச் சட்டத்தில் இடமிருக்கிறது. இனி அவள் முதலிலிருந்து தொடங்க வேண்டும், சாட்சி, குறுக்கு விசாரணை எல்லாவற்றோடும். வெளியே வந்து, "அந்த நாற்காலில அவர்தான் மேடம் உக்காந்தாரு. நான் நின்னுக்கிட்டேதான் இருந்தேன்" என்றாள். அது என் சொல்.

உங்கள் கத்தி உவமைக்குப் பதில் சொல்லிவிட்டேன் என்று நினைக்கிறேன்.

இனி மனதில் இருப்பதையே எழுதுகிறேன். நீங்கள் பத்தியைக் காப்பாற்றப் பார்க்கவில்லை. நான் வீட்டை விட்டு வரும் முன் உங்கள் எதிரே உட்கார்ந்து, சம்மதத்தோடு பிரிந்துவிடலாம் என்று கேட்டேன். நீங்கள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தாலும் தேவலை. "கொஞ்ச நாள் போகட்டும், பாத்துக்கலாம்" என்றீர்கள். இப்போதும் அதையே செய்கிறீர்கள். என் அலமாரி நனையவில்லை, கண்ணாடி துடைத்திருக்கிறது, மேசை காலியாக இருக்கிறது. உங்கள் ஒவ்வொரு கடிதத்திலும் எனக்கு ஒரு நாற்காலி போட்டு வைத்திருக்கிறீர்கள்.

நீங்கள் கெட்டவர் என்று நான் ஒருபோதும் சொன்னதில்லை, இனியும் சொல்ல மாட்டேன். ஆனால் படுத்த படுக்கையாகக் கிடந்த என் அம்மாவை நம் வீட்டுக்கு அழைத்து வரலாமா என்று கேட்டபோதும் கொஞ்ச நாள் போகட்டும் என்றுதான் சொன்னீர்கள். அந்தக் கொஞ்ச நாளில் அம்மா போய்விட்டாள். எனக்குத் துறைத் தலைவர் பதவி வந்தபோது, வெளிநாட்டில் பாடம் நடத்தக் கூப்பிட்டபோது, எல்லாவற்றுக்கும் அதே பதில். உங்களோடு வாழ்ந்த காலம் முழுக்க நான் தீர்ப்புக்காக ஒத்திவைத்த வழக்காகத்தான் இருந்தேன். பல் மருத்துவரான நம் மகளிடம் இதைச் சொன்னேன். "ஆடுற பல்லை ரெண்டு பேரும் நாக்கால தள்ளிக்கிட்டே இருக்கீங்க. ஒண்ணு கட்டுங்க, இல்ல பிடுங்குங்க" என்கிறாள். வக்கீல் குடும்பத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தீர்ப்புச் சொல்லத் தெரிகிறது.

பிரிவை நான் மறுபடி கேட்கப் போவதில்லை. ஒருவரை இரண்டு முறை கேட்டு வாங்குவது சம்மதமே அல்ல, இதை நான்தான் என் பாகத்தில் எழுதியிருக்கிறேன். பத்தியை மட்டும் கேட்கிறேன். அது இருந்தால் அட்டையில் என் பெயர் இருக்காது.

இப்படிக்கு,
இரண்டாம் பாகத்தின் ஆசிரியர்


ஏப்ரல் 22

அன்புள்ள உனக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. இந்த முறை தள்ளிப்போடவில்லை, நம்பு. எழுதி எழுதிக் கிழித்தேன். பதிப்பாளர் தினமும் ஃபோன் செய்து, "சார், மேடம் பேரு இல்லாம புத்தகம் போட்டா நான் கடையை மூட வேண்டியதுதான்" என்று புலம்புகிறார்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இங்கே குடும்ப நீதிமன்றத்துக்குப் போனேன். கல்லூரியில் படிக்கும்போது ஒரு முறை போனதோடு சரி. மணமுறிவுச் சட்டத்தில் கரை கண்டவன் என்று பெயரெடுத்தவன், ஒரு மணமுறிவையும் நேரில் பார்க்காமலே ஓய்வுபெற்றிருக்கிறேன். தாழ்வாரத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். வழக்குகளைக் கூவி அழைக்கும் ஊழியர் வந்து, "சார், நீங்க பார்ட்டியா, வக்கீலா?" என்று கேட்டார். "சும்மா வந்தேன்" என்றேன். "சும்மா இங்க யாரு சார் வருவாங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

என் பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். ஓர் ஆள் வந்து மறு கோடியில் உட்கார்ந்தான். அவள் எழுந்து போய்ச் சுவரோரமாக நின்றாள். பெஞ்சில் எங்கள் இருவருக்கும் நடுவே இடம் காலியாகவே இருந்தது. மதியம்வரை நின்றாள், ஒரு கால் மாற்றி மறு கால். கூப்பிட்டார்கள், உள்ளே போனார்கள், அடுத்த தேதி வாங்கிக்கொண்டு வந்தார்கள். அவனுக்கு முகம் தெளிந்திருந்தது. அவள் தேதியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் பேருந்து நிறுத்தத்துக்குப் போனாள். மாலைப் பொழுதுகளைப் பற்றி அவ்வளவு அழகாக எழுதியிருக்கிறேன். அந்தத் தாழ்வாரத்தில் எனக்கு ஒரு மாலையும் தென்படவில்லை.

வீட்டுக்கு வந்து சமையலறைக்குள் போனேன். அந்தச் சின்ன முக்காலி இன்னும் அங்கேதான் இருக்கிறது. கடைசி வருடம் நீ சாப்பாட்டு மேசைக்கு வராமல் அதில் உட்கார்ந்துதான் விடைத்தாள் திருத்தினாய். வெளிச்சம் இங்கேதான் நன்றாக இருக்கிறது என்றாய். நானும் நம்பினேன். சமையலறையில் வெளிச்சமே கிடையாது. அதில் நான் உட்கார்ந்து பார்த்தேன், எழுத்து தெரியவில்லை.

பத்தியை அடித்துவிட்டேன். பக்கத்தை இணைத்திருக்கிறேன். ஓரத்தில் என் சுருக்கொப்பம் இருக்கிறது. அந்த இடத்தில் என்ன வர வேண்டும் என்பதை நீ எழுது. தையல்காரப் பெண்ணிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. உனக்குத் தெரிந்தால் என் சார்பில் சொல்.

இப்படிக்கு,
முதல் பாகம்


மே 2

அன்புள்ள பேராசிரியருக்கு,

பக்கம் வந்து சேர்ந்தது. உங்கள் ஒப்பத்துக்குப் பக்கத்தில் என்னுடையதையும் இட்டுப் பதிப்பாளருக்கு அனுப்பிவிட்டேன். அவர் ஃபோனில் விட்ட பெருமூச்சு நகலெடுக்கும் இயந்திரத்தையும் மீறிக் கேட்டது.

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். முக்காலி இருக்கும் இடத்தை மறுபடி படித்தேன். நன்றி என்று எழுதினால் சின்னதாக இருக்கிறது. அழுதேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

அந்த இடத்துக்கு இதை எழுதியிருக்கிறேன். ஒப்பமிடலாமா என்று பாருங்கள்: ‘காத்திருக்கச் சொல்லும் முன் நீதிமன்றம் ஒன்றைக் கேட்டறிய வேண்டும்: இந்தக் காலம் முழுக்க இவர்களில் யார் உட்கார்ந்திருப்பார்கள், யார் நின்றிருப்பார்கள்?’ உங்கள் அளவுக்கு ஓசை இல்லை. ஆனால் இதைப் படித்துக் காட்டி யாரையும் திருப்பி அனுப்ப முடியாது.

தையல்காரப் பெண்ணுக்கு ஓர் ஆடைத் தொழிற்கூடத்தில் வேலை கிடைத்திருக்கிறது. எதிரே வந்து நிற்க முடியாத இடம், காவலாளி உண்டு. வழக்கு நடக்கிறது. பத்தி போய்விட்டது என்று சொன்னேன். "என்னை மாதிரி அடுத்து வர்றவங்களுக்கு ஆகும்ல மேடம்" என்றாள். உங்களைப் பற்றிக் கேட்டாள். நல்ல மனிதர், கொஞ்சம் மெதுவானவர் என்றேன்.

இனி சில்லறை வேலைகள். பொருளடைவில் ‘அன்பு’ என்ற தலைப்பைச் சேர்த்துவிட்டு எதிரே பக்க எண் போடாமல் விட்டிருக்கிறீர்கள். ஒவ்வொரு பதிப்பிலும் நான் எடுக்கிறேன், நீங்கள் நுழைக்கிறீர்கள். இந்த முறையும் எடுத்துவிட்டேன். கடைசியாக ஒன்று. மாதிரி மனுவில் நம் தேதியும் முகவரியும் இனி வேண்டாம். மகள் பிறந்தபோது குழந்தைகள் பத்தியில் அவளையும் சேர்த்து வைத்தேன், அதுவும் வேண்டாம். கற்பனையான விவரங்களாக மாற்றிவிடுகிறேன். அதற்கும் உங்கள் ஒப்பம் வேண்டும்.

அன்புடன்,
இரண்டாம் பாகம்


மே 11

அன்புள்ள இரண்டாம் பாகத்துக்கு,

புதிய பத்தி பிரமாதம். ஓசை இல்லை என்று யார் சொன்னது? ஒப்பமிட்டு அனுப்பிவிட்டேன். ‘அன்பு’ போனதில் வருத்தம் உண்டு. ஆனால் பக்க எண் கேட்டால் என்னிடம் பதில் இல்லை என்பதும் உண்மை.

மாதிரி மனுவை மாற்றச் சொல்லியிருந்தாய். மாற்றலாம். அதற்கு முன்னால் அதை ஒரே ஒரு முறை உபயோகித்துக்கொள்வோம் என்று தோன்றியது.

இத்துடன் இருக்கும் தாள்களைப் பார். உன் பாகத்திலிருந்து நானே தட்டச்சு செய்தேன், இரண்டு விரலால். பெயர்களை மாற்றினேன். திருமணத் தேதியையும் சேர்ந்து வாழ்ந்த முகவரியையும் தொடக்கூட வேண்டியிருக்கவில்லை. மகள் யார் பாதுகாப்பில் இருப்பாள் என்ற பத்தியை அடித்துவிட்டேன். அவள்தான் இப்போது நம் இருவரையும் பார்த்துக்கொள்கிறாள். பிரிந்து வாழத் தொடங்கிய நாள் என்ற இடத்தை மாதிரியில் நீ காலியாக விட்டிருந்தாய். நீ ரயில் ஏறிய நாளைத்தான் முதலில் எழுதினேன். பிறகு யோசித்து, அதை அடித்து, நீ முக்காலிக்குப் போன வருடத்தை எழுதியிருக்கிறேன். தவறென்றால் திருத்து.

மனுவின் கடைசியில் ஒரு கோரிக்கையைச் சேர்த்திருக்கிறேன். காத்திருப்புக் காலத்தைத் தள்ளுபடி செய்ய வேண்டும் என்பது. யாராவது பழைய பதிப்பைத் திறந்து அந்தப் பத்தியைப் படித்தால், அதை எழுதியவனே கேட்கிறான் என்று எழுந்து சொல்கிறேன். அதோடு, வருடக்கணக்காகக் காத்தாகிவிட்டது என்றும் சொல்கிறேன். நீதிபதி நம் மாணவிதான் என்பதால் வேறு நீதிமன்றத்துக்கு மாற்றக் கேட்க வேண்டுமோ? இதெல்லாம் உன் பாகம், எனக்குத் தெரியாது.

இரண்டாம் மனுதாரர் என்ற இடத்தில் கையெழுத்திட்டுவிட்டேன். முதல் மனுதாரரின் இடம் காலியாக இருக்கிறது. நீ இரண்டு முறை கேட்க மாட்டேன் என்றாய். அதனால் இந்த முறை நான் கேட்கிறேன். உன்னை விட்டுக் கொடுக்க எனக்கு மனமில்லை, அதை மறைத்து என்ன பயன்? ஆனால் மனமில்லாததை இத்தனை காலம் சட்டக் கொள்கை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இனி மாட்டேன்.

கண்ணாடியைப் பஞ்சு சுற்றி இதே உறையில் வைத்திருக்கிறேன். எடுத்துக்கொள்ள நீ வர வேண்டியதில்லை.

அன்புடன்,
முதல் பாகம்


மே 18

அன்புள்ள முதல் பாகத்துக்கு,

கண்ணாடி உடையாமல் வந்தது. அதைப் போட்டுக்கொண்டுதான் மனுவைப் படித்தேன். இரண்டு விரலால் தட்டியதற்குப் பிழைகள் குறைவு. பிரிந்த நாளைத் திருத்தவில்லை. நீங்கள் எழுதியதுதான் சரி.

நீதிமன்றத்தை மாற்றக் கேட்க வேண்டும். அதற்கான மனுவை நான் எழுதிக்கொள்கிறேன். தேதி வந்ததும் சொல்கிறேன். பெஞ்சில் உங்கள் பக்கத்தில்தான் உட்காருவேன், பயப்படாதீர்கள்.

முதல் மனுதாரரின் இடத்தில் கையெழுத்திட்டுவிட்டேன். ஒரு தவறு மட்டும் கண்ணில் பட்டது. பழக்கதோஷத்தில் மனுவின் ஒவ்வொரு பக்கத்து ஓரத்திலும் பென்சிலால் உங்கள் சுருக்கொப்பத்தை இட்டிருக்கிறீர்கள். அது புத்தகத்துக்கான விதி. நீதிமன்றம் கேட்பதில்லை, பதிவாளர் பார்த்தால் இது என்ன என்பார். அழிக்க வேண்டும் என்று ரப்பரை எடுத்தேன். பிறகு வைத்துவிட்டேன்.

ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நானும் இட்டிருக்கிறேன்.

என்றும் அன்புடன்,
இரண்டாம் பாகம்